சீரோடு வந்த அடுப்பு

சாமி பாட்டு மட்டும்தான் தெரியுமா, சினிமாப் பாட்டு ஒண்ணும் தெரியாதா என்று என்னைப் பெண் பார்க்க வந்தவருடைய அம்மா கேட்டார்கள், தெரியும் அத்தை என்றேன், சொல்லி முடித்த பிறகுதான் அத்தை என்று சொல்லிவிட்டது என் காதிலேயே விழுந்தது, இன்னும் பஜ்ஜித் தட்டுகூடக் காலியாகவில்லை, பெண் பிடித்திருக்கிறது என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை, அதற்குள் நான் அத்தை என்கிறேன், அவர்கள் சிரித்தார்கள், ரொம்ப அவசரம்தான் உனக்கு, சரி பாடு மருமகளே என்றார்கள், கூடத்தில் இருந்த எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில்தான் இரண்டு வாரமாக அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த முருகன் பாட்டு அடியோடு மறந்துபோனது. பாயில் உட்கார்ந்திருக்கிறேன், சரிகை இடுப்பில் குத்துகிறது, உறையூர் வெயில் சன்னல் வழியாக வந்து என் முழங்கால்மேல் கிடக்கிறது, முதல் வரி வராதா என்று தேடுகிறேன், வேல் இருக்கிறது, மயில் இருக்கிறது, பாட்டைக் காணோம், அடுத்த வீட்டு ரேடியோவில் காலையிலிருந்து கேட்ட பாட்டு ஒன்றுதான் வாய்க்குள் நிற்கிறது, சரி என்று அதையே பாட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வருஷம் அதைத் தவிர வேறு பாட்டே இல்லை என்பதுபோல டீக்கடையில் அது, டவுன் பஸ்ஸில் அது, காதுகுத்து வீட்டு ஒலிபெருக்கியில் அது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எதிரெதிரே நின்று கை தட்டி விளையாடுவதும் அதற்குத்தான், கேட்டால் கால் தானாகத் தாளம் போடுகிற கும்மி மெட்டு, கல்யாணமாகி ஆறாம் மாதம் ஸ்டவ் வெடித்துச் செத்துப்போன ஒரு பெண்ணுக்காக அவள் ஊர்ப் பெண்கள் அந்த ஸ்டவ்வையே நடுவில் வைத்து நியாயம் கேட்கிற பாட்டு என்பது மெட்டுக்குள் எங்கோ அமுங்கிப்போயிருந்தது. அந்த நாட்களில் பேப்பரைப் பிரித்தால் வாரத்துக்கு ஒரு ஸ்டவ் வெடித்தது, மாமியார்மேல் வெடிக்காமல், நாத்தனார்மேல் வெடிக்காமல், வந்த மருமகளாகப் பார்த்து வெடித்தது, நாங்களும் படித்துவிட்டு ஐயோ பாவம் என்று சொல்லிப் பேப்பரை மடித்து வைத்தோம், பாட்டை மட்டும் விடாமல் பாடினோம். சீரோடு வந்த அடுப்பே, சேர்ந்துதானே வந்தீங்க, நீ மட்டும் நிக்கிறியே, எங்க புள்ள எங்கடி, இதுதான் பல்லவி, இரண்டாவது முறை பாடும்போது கை தட்டலும் சேர்த்தேன், அப்போதுதான் அவருடைய அப்பா எழுந்து நின்றார், போதும்மா, நல்லாப் பாடற, நேரமாச்சு கிளம்புவோம் என்றார், அவருடைய அம்மா நிமிர்ந்து பார்க்காமலே, உக்காருங்க, பொண்ணு பாடட்டும் என்றார்கள், என்னைப் பார்த்து, நிறுத்தாத, முழுக்கப் பாடு என்றார்கள். பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மூன்று சரணத்தையும் கணீரென்று பாடினேன், முட்டாள், கூடத்தில் ஒருவரும் அசையவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை, மாப்பிள்ளை மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தார், காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

அவர்கள் போன பிறகு தரகர் இரத்தினவேலு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், ஏம்மா, உலகத்துல வேற பாட்டே கிடைக்கலையா உனக்கு, அந்தப் பையனோட அக்கா தேன்மொழி மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்படித்தானேம்மா போச்சு என்றார், அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கி அடிக்காமல் அழுதாள், நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தேன், அந்தப் பாட்டை என் வாயிலிருந்து திரும்ப எடுத்துவிட வழி இருக்கிறதா என்று யோசித்தேன். நான்காம் நாள் அவருடைய அம்மா மட்டும் தனியாகப் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தார்கள், கையில் கதம்பம் ஒரு பந்து, செருப்பைக் கழற்றும்போதே, என் மருமகளைப் பாக்க வந்தேன், எங்க அவ என்றார்கள், அதற்கப்புறம் அவர்களை வேறு யார் என்று எனக்கு நினைக்கவே முடியவில்லை, சௌந்தரம் அத்தை, என் அத்தை.

கல்யாணமாகிப் புதுக்கோட்டை வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் இருக்கும், மாமா ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு முற்பகல், பரண்மேல இருக்கிற சாக்கை இறக்கு என்றார்கள் அத்தை, ஏணி போட்டு இறக்கினேன், கனமாக இருந்தது, பிரித்தால் பித்தளை ஸ்டவ், பம்ப் அடிக்கிற ஸ்டவ், இவர்கள் வீட்டில்தான் கேஸ் அடுப்பு இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன், ஏனென்றால் அத்தை அதன் வயிற்றில் பொறித்திருந்த எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள், சி. தேன்மொழி. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் ஒரு டிராக்டர் வந்துச்சு என்று அத்தை சொல்கிறார்கள், அவர்கள் சொல்லச் சொல்ல அந்த டிராக்டர் எங்கள் உறையூர்ச் சந்துக்குள் நுழைகிற மாதிரி எனக்குத் தெரிகிறது, பொண்ணு போயிட்டா சீரைத் திருப்பி அனுப்பறதுதானே முறை, நாங்க எழுதிக் கொடுத்த சீர்ப் பட்டியலையே அவங்க பெரியப்பா கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா வாசிச்சாரு, கட்டில் ஒண்ணு, பீரோ ஒண்ணு, குத்துவிளக்கு ரெண்டு, அண்டா ஒண்ணு, ஸ்டவ் ஒண்ணு, வாசிச்சு வாசிச்சு இறக்கி வெச்சாங்க, சரியா இருக்கான்னு பாத்துக்குங்கன்னாரு. வெடிச்ச ஸ்டவ்வை, ஒரு நசுங்கல் இல்லாம, புளி போட்டுத் தேய்ச்சு, பட்டியல்ல இருக்கே விட்டுப்போயிடக் கூடாதேன்னு கொண்டாந்து வெச்சாங்கடி, அவங்களுக்கும் தோணல, ஏத்தினவனுக்கும் தோணல, இறக்கினவனுக்கும் தோணல, தரையில அது வந்து நின்னப்புறம்தான் அந்தப் பெரியப்பனுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு, நான் சரியா இருக்குன்னேன்.

போலீசுக்குப் போகலையா அத்தை என்று கேட்டேன், உங்க மாமா அதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு, தவறுதலா வெடிச்சதுன்னு, கண்ணு தெரியாத துக்கத்துல யாரு நீட்டினாலும் போடுவாரு, ஸ்டவ்வைப் பாத்தப்புறம் ரெண்டு தடவை ஸ்டேஷனுக்கு நடந்தாரு, நீங்களே எழுதிக் குடுத்ததுதானே பெரியவரேன்னு அனுப்பிட்டாங்க, அன்னியிலிருந்து இந்த வீட்டுல அந்தப் பேச்சே கிடையாது. அந்தப் பாட்டை எழுதினவன் எங்க வாசல்ல நின்னு பாத்த மாதிரி எழுதியிருக்கான், இந்த வீட்டுல யாரும் கேக்காததை நீ வந்து உக்காந்து கைதட்டிக் கேட்ட, அப்புறம் உன்னை விட்டுட்டு யாரைக் கட்டி வைப்பேன் அரசுக்கு என்றார்கள், நான் அழுதேன், அவர்கள் அழவில்லை, சாக்கைக் கட்டி மறுபடி மேலே வைக்கச் சொன்னார்கள்.

அரசு, சிற்றரசு, என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் வேலை, இவ்வளவு வருஷத்தில் என்னை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை, நான் சமைக்கும்போது காரணமில்லாமல் சமையலறை வாசலில் வந்து நிற்பார், என்ன வேணும் என்றால் ஒண்ணுமில்லை என்பார், ஆனால் நகர மாட்டார். அக்காவைப் பற்றி மட்டும் பேச மாட்டார். ஒருமுறை திருச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறோம், எங்கள் மகள் எழிலி, எழிலரசி, கைக்குழந்தை, கீரனூர் தாண்டவில்லை, டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார், இவர் எழுந்து விசில் கொடுக்கச் சொல்லி நடுவழியில் இறங்கிவிட்டார், நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன், ஒரு புளியமரம், ஒரு வெள்ளரிக்காய்க்காரி, அடுத்த பஸ் வர ஒரு மணி நேரம், வெள்ளரிப்பிஞ்சு வாங்கி உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்தார், வெயில்ல நிக்க வெச்சுட்டேன் என்றார், அவ்வளவுதான், நான் காத்திருந்தேன், சொல்வார் என்று, பஸ் வந்துவிட்டது. யாரும் பாடாதே என்று எனக்குச் சொல்லவில்லை, நானாகத்தான் நிறுத்திக்கொண்டேன், தாலாட்டுக்குக்கூட உம் கொட்டினேனே தவிரப் பாடவில்லை, சில நாள் கனவில் அதே கூடம், அதே பாய், எதிரே நான் பார்த்தேயிராத தேன்மொழி அண்ணி போட்டோவில் இருக்கிற ரெட்டைப் பின்னலோடு பஜ்ஜி தின்றபடி உட்கார்ந்திருப்பார், மூணாவது சரணம் நல்லாருந்துச்சு, இன்னொரு தடவை பாடேன் என்பார், விழித்துப் பார்த்தால் பக்கத்தில் இவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார், தூக்கத்துல சிரிச்ச என்பார். உங்கள் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வரும், சொல்ல மாட்டேன், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவர் வாயால் அவரைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும் என்று மட்டும் இருக்கும், அத்தை போன பிறகு அந்த ஆசை எனக்கு இரண்டு மடங்கானது, அவர்களுக்கும் அது கிடைக்கவில்லை.

எழிலி கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கலைவிழாவுக்கு எங்களை அழைத்திருந்தாள், மேடையில் இருபது பெண்கள், விளக்கு சுழல்கிறது, டிரம்ஸ் அதிர்கிறது, அதற்குள்ளிருந்து ஒரு குரல், சீரோடு வந்த அடுப்பே, யாரோ அதை எடுத்துப் புது டப்பாவில் அடைத்து விட்டிருக்கிறார்கள், சரணமெல்லாம் போய்விட்டது, எங்கடி எங்கடி எங்கடி என்பது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது, பையன்கள் விசிலடிக்கிறார்கள், நடு வரிசையில் என் மகள் குதித்து ஆடுகிறாள், இவர் எழுந்து போய்விடுவார் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன், போகவில்லை, கடைசிவரை உட்கார்ந்திருந்தார், முடிந்ததும் எழிலி வியர்வையோடு ஓடி வந்து, எப்படிப்பா இருந்துச்சு என்றாள், நல்லா ஆடினம்மா என்றார், வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அன்றைக்குத்தான் எழிலிக்கு அவளுடைய தேன்மொழி அத்தையின் கதையை நான் சொன்னேன், அவள் விசும்பி விசும்பி அழுதாள், அப்பா ஏம்மா எங்கிட்ட சொல்லல என்றாள், எங்கிட்டயே சொல்லலடி என்றேன்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் இந்தக் கூத்து தொடங்கியது, மாப்பிள்ளை வீட்டுக்கு நாங்கள் போனால் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், இவர் மட்டும் தண்ணீர் குடிக்கும் சாக்கில் எழுந்து, அடுப்படி எந்தப் பக்கம், கொஞ்சம் பாக்கலாமா என்பார், உள்ளே போய்ச் சன்னல் எத்தனை, பின்கதவு திறக்கிறதா, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பார்ப்பார், என்ன சார், நீங்க சமைக்கப் போறீங்களா என்று ஒரு வீட்டில் கேட்டார்கள், இன்னொரு வீட்டில், எங்க பையனைப் பாருங்க சார், அவன் அடுப்படியில இல்ல, இங்கதான் உக்காந்திருக்கான் என்றார்கள், அடுப்படி பாக்கிற சம்பந்தி என்று சொந்தத்தில் பேரே விழுந்துவிட்டது, ஐந்து இடம் இப்படிப் போனது, யோசிச்சுச் சொல்றோம் என்பார், சொல்லவே மாட்டார்.

ஆறாவதாக நிர்மல், நாங்கள் தேடிய இடமில்லை, எழிலி பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிற அதே மருத்துவமனையில் அவனும், இரண்டு பேருக்கும் பிடித்துப்போய் அவனே அம்மாவோடு வீட்டுக்கு வந்தான், அவனுடைய அம்மா மரகதம் பெரம்பலூரில் டீச்சர், வந்ததும் வராததுமாக, சீர் கீர்னு எதுவும் பேசாதீங்க, எனக்கு வைக்க இடமில்ல, ரெண்டு ரூம்தான் வீடு என்று சிரித்தார், நாங்கள் பதிலுக்குப் போனபோது இவர் எழுந்திருக்கும் முன்பே, வாங்க சார், நம்ம அடுப்படியைப் பாருங்க, கேள்விப்பட்டேன் என்று அவரே கூட்டிக்கொண்டு போனார், உள்ளே நிர்மல்தான் நின்று டீ போட்டுக்கொண்டிருந்தான், சர்க்கரையை அதிகம் போட்டுவிட்டு அவன் அம்மாவிடம் திட்டு வாங்கினான், குறை சொல்ல ஒன்றும் இல்லை, திரும்பி வருகிற வழியெல்லாம் எழிலி அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், யோசிப்போம்மா என்றார். மூன்று வாரம் யோசித்தார். எழிலி அவரோடு பேசுவதை நிறுத்தினாள், சாப்பாடு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள், பேச மாட்டாள், மரகதம் டீச்சர் என்னைப் போனில் கூப்பிட்டு, எங்ககிட்ட என்ன குறைன்னு சொல்லிட்டா நாங்க விலகிக்கிறோம்மா, பசங்க ரெண்டும் வாடுதுங்க என்றார், இருபத்தெட்டு வயது, என் மகள் இந்த மனுஷனுடைய மௌனத்துக்குள்ளேயே உட்கார்ந்துபோய்விடுவாளோ என்று பயமாக இருந்தது, முதல் முறையாக அவர்மேல் கோபம் வந்தது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி, இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறார், நான் சாம்பாருக்குப் புளி கரைக்கிறேன், எழிலி வந்து அவருக்கு எதிரே தரையில் உட்காருகிறாள், அப்பா, நான் நிர்மலைக் கட்டிக்கிறேன்னு கேக்க வரல, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அதுக்குப் பதில் சொல்லுங்க, நாளைக்கு அங்க எனக்கு ஒத்துவரல, கஷ்டமா இருக்குன்னா நீங்க என்ன பண்ணுவீங்க. அவர் நிமிர்ந்தார், வருவேன்மா என்றார், உடனே வந்துடுவேன். அப்புறம் என்னப்பா, வர்றதுக்கு நீங்க இருக்கீங்க, எனக்கு என்ன பயம், உங்களுக்கு என்ன பயம் என்றாள். அவர் கையிலிருந்த பூண்டுப் பல்லைக் கீழே வைத்தார், வருவேன்னு அப்பவும் இப்படித்தான் சொன்னேம்மா என்றார்.

புளிக் கையோடு நான் அப்படியே நின்றேன். அவர் மெல்லச் சொல்கிறார், நிர்மல் நல்ல பையன், அந்த வீட்டு மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, மத்த அஞ்சு வீட்டு மேலயும் இல்ல, எங்கிட்டத்தான், அந்தம்மாவுக்குப் போன் பண்ணித் தை மாசத்துல நாள் பாக்கச் சொல்லு, ஆனா அதுக்கு முன்னாடி நீ இதைக் கேட்டுக்க, கேட்டப்புறம் வருவேன்னு நான் சொல்றதை நம்பறதும் நம்பாததும் உன் இஷ்டம். பங்குனித் திருவிழாவுக்கு அழைக்க அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், வரல, இங்க வேலை இருக்குன்னுட்டா, திரும்பறப்போ காய்கறி வாங்கற மாதிரி ஒரு ஒயர் கூடையைத் தூக்கிக்கிட்டு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்தா, அந்த வெயில்ல முழுக்கை ரவிக்கை போட்டிருந்தா, பாத்தேன், ஏன்னு கேக்கல, எனக்கு ஜன்னலோர சீட்டு கிடைச்சுது, டிரைவர் ஏறிட்டான், அக்கா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டா. பரிட்சை இருக்குக்கா, எட்டே நாள், முடிஞ்சதும் நேரா வருவேன்னேன். சரிடா, நல்லா எழுதுன்னா. அஞ்சாவது நாள் நான் மூணாவது பேப்பர் எழுதிக்கிட்டிருக்கேன், ஆபீஸ் பியூன் வந்து ஹால் வாசல்ல நின்னான்.

எழிலி அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது, யாரும் எழுந்து போகவில்லை. அவளைக் கடைசியாப் பாத்தது நீதானே, ஏதாவது சொன்னாளாடான்னு அம்மா கேட்டாங்க, ஒண்ணும் சொல்லல, சந்தோஷமா இருந்தாம்மான்னேன், சாகறதுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில மறுபடி கேட்டாங்க, அப்பவும் ஒண்ணும் சொல்லலன்னேன், சொல்லியிருந்தா நான் ஏன் விட்டுட்டு வந்தேன்னு அடுத்துக் கேட்பாங்களே. நான் போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், எத்தனை வருஷமாக இதற்குக் காத்திருந்தேன், கேட்டேன், அண்ணி என்னங்க கேட்டாங்க. அவர் என்னைப் பார்க்கவில்லை, எழிலியையும் பார்க்கவில்லை, குரல் வந்தது, அவருடைய குரல் மாதிரியே இல்லை, மெலிதாக, அவசரமாக, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பது போல, தம்பி, பஸ் எடுக்கறதுக்குள்ள நானும் ஏறிக்கட்டுமா, என்னையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறியாடா.